எச். பைலோரி: 14 நாள் மாத்திரைக்குப் பிறகு புற்றுநோய் பயம் தீருமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி என்று வந்தது, பயாப்சியில் எச். பைலோரி (இரைப்பையில் தங்கும் ஒரு பாக்டீரியா) பாசிட்டிவ். வயது 46. அப்பா இரைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். பெரிய தொந்தரவு எதுவும் இல்லை, சாப்பிட்டதும் கொஞ்சம் உப்புசம், அவ்வளவுதான். ஒருவர் "உலகத்தில் பாதிப் பேருக்கு இருக்கிற கிருமி, விடுங்கள்" என்கிறார். இன்னொருவர் "அது புற்றுநோய்க் கிருமி" என்கிறார். மருந்து எடுக்க வேண்டுமா? எடுத்தால் ஆபத்து முழுசாகப் போய்விடுமா?

எடுங்கள். அப்பாவுக்கு இந்த நோய் இருந்திருக்கும்போது இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. ஆபத்து முழுசாகப் போகாது. ஏறக்குறைய பாதியாகக் குறையும்; இரைப்பைச் சுவர் இன்னும் பெரிதாகக் கெடாமல் இருந்தால் அதைவிட அதிகமாகவே குறையும். ஆனால் அந்தப் பலன் கிருமி ஒழிந்தவருக்குத்தான் கிடைக்கிறது. மாத்திரையை முடித்தவர்கள் எல்லாருக்கும் கிருமி ஒழிந்துவிடுவதில்லை. நடைமுறையில் அதிகம் கோட்டை விடப்படுவது இந்த இடத்தில்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதலில், உங்களிடம் பேசிய இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். "பாதிப் பேர்" என்பது கொஞ்சம் பழைய கணக்கு, பல நாடுகளில் தொற்று குறைந்துகொண்டு வருகிறது. ஆனாலும் இன்றைக்கும் உலகில் மிகப் பரவலான தொற்றுகளில் இது ஒன்று. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். கிருமி இருக்கிற எல்லாருடைய இரைப்பையிலும் ஓரளவு அழற்சி இருக்கும், அதை உணர்பவர்கள்தான் குறைவு. பத்தில் ஒருவருக்கு அல்சர் வரலாம். நூறில் 1 முதல் 3 பேருக்குப் புற்றுநோய் வரும். ஆக, கிருமி இருக்கிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வரவே வராது.

இன்னொருவர் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-ல் எச். பைலோரியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கிற அதே பிரிவு. இதைப் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விளக்கம்: அந்தப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறது. எத்தனை பேருக்கு உண்டாக்கும் என்பதை அது சொல்வதில்லை.

சான்று உறுதியானது என்பதில் சந்தேகமில்லை. ஜப்பானில் 1,526 பேரை எண்டோஸ்கோபி செய்து, சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. 2001-ல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு வாதம் செய்தவர்கள் குறைந்துபோனார்கள். 2022-ல் உலகம் முழுக்க ஏறக்குறைய 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். உணவுக்குழாயை ஒட்டிய மேல் பகுதியைத் தவிர்த்து, இரைப்பையின் மற்ற இடங்களில் வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்குப் பின்னால் இந்தக் கிருமி இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

அப்படியென்றால் நூறில் இரண்டு பேருக்கு மட்டும் ஏன் வருகிறது? கிருமியின் வகை, மனிதரின் மரபு, உணவு, புகை, எல்லாமே காரணம். கொலம்பியாவில் ஒரே மாநிலத்தில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாத இரண்டு ஊர்களைப் பற்றிய ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஒன்று மலை மேலே, துக்கெர்ரெஸ். மற்றொன்று கடலோரம், துமாக்கோ. இரண்டு ஊரிலும் பெரும்பாலானவர்களுக்குத் தொற்று உண்டு. ஆனால் மலை ஊரில் இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறைய 25 மடங்கு அதிகம். கடலோர மக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி, அவர்கள் வயிற்றில் இருக்கும் கிருமியும் ஆப்பிரிக்க வம்சாவளி. மலை மக்கள் பூர்வகுடி வம்சாவளி, ஆனால் அவர்களிடம் இருப்பது ஐரோப்பியர்கள் கொண்டுவந்த கிருமி. பல்லாயிரம் ஆண்டு பழகிய கிருமியோடு உடம்பு எப்படியோ ஒத்துப்போகிறது, புதிதாக வந்ததோடு ஒத்துப்போகவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

மரபணுப் பக்கம் பார்த்தால், 2023-ல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வு என்னை உட்கார வைத்துவிட்டது. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 போன்ற, டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் மரபணுக்களில் கோளாறு உள்ளவர்களை அதில் பார்த்தார்கள். அந்தக் கோளாறோடு எச். பைலோரியும் இருந்தால், 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 45.5 சதவீதம். கிருமி மட்டும் இருந்தால் 14.4 சதவீதம். ஜப்பானில் இந்தப் புற்றுநோய் பொதுவாகவே அதிகம் என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லா நாட்டுக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் "1 முதல் 3 சதவீதம்" என்ற சராசரிக்குள் எவ்வளவு வேறுபாடு ஒளிந்திருக்கிறது என்று காட்டுகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் உங்கள் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல். எனவே "பாதிப் பேருக்கு இருக்கிறது, விடுங்கள்" என்ற ஆறுதல் உங்களுக்குப் பொருந்தாது.

கிருமி உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் மருந்து எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்று புரியும். இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் செத்துப்போகும். இது யூரியேஸ் என்ற நொதியை வைத்து யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. சுருள் உடம்பால் சளிப் படலத்தைத் துளைத்து அடியில் போய்த் தங்குகிறது. சில வகைகளிடம் காக்ஏ என்ற புரதம் உண்டு. அதை நேராக நம் செல்லுக்குள் செலுத்திவிடும். அங்கே அது வளர்ச்சிக் கட்டளைகளைக் குழப்புகிறது. கூடவே ஓயாத அழற்சி. இப்படியே பத்து இருபது ஆண்டுகள் போனால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்துபோகும். அதன் பிறகு இரைப்பையின் உட்சுவர் சில இடங்களில் குடலின் சுவர் போல மாறும். பயாப்சி ரிப்போர்ட்டில் இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா என்று எழுதியிருப்பது இதைத்தான். அதற்கும் பிறகு சிலருக்கு டிஸ்பிளேசியா என்ற செல் சீர்கேடு, கடைசியில் புற்றுநோய். பெலாயோ கொரேயா என்ற நோயியல் மருத்துவர் விவரித்த இந்தப் படிவரிசையை அவர் பெயராலேயே சொல்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், கடைசிப் படிவரை போகிறவர்கள் மிகச் சிலர். எல்லாப் புற்றுநோயும் இந்த வழியில்தான் வரும் என்றும் இல்லை. செல்கள் சிதறிப் பரவும் வகை ஒன்று உண்டு, அது இந்தப் படிகளைத் தாண்டாமலேயே வரலாம். அதற்கும் எச். பைலோரி ஒரு காரணம்தான்.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அல்சர் மன உளைச்சலாலும் அமிலத்தாலும்தான் வருகிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, மார்ஷல் 1984-ல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாளில் வாந்தியும் கடும் இரைப்பை அழற்சியும் வந்தன. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் நிரூபித்தது அழற்சியை. கிருமியை ஒழித்தால் புற்றுநோய் குறையுமா என்பதை நிரூபிக்க ஒரு மனிதர் ஒரு கிளாஸ் குடித்தால் போதாது. ஆயிரக்கணக்கானவர்களும் பல பத்தாண்டுகளும் வேண்டியிருந்தன.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது சீனாவின் சாங்லே பகுதியில் நடந்த ஆய்வு. 1,630 பேர், எல்லாருக்கும் கிருமி உண்டு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. ஏழரை ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களில் 7 பேருக்கும் எடுக்காதவர்களில் 11 பேருக்கும் புற்றுநோய். இது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவு வித்தியாசம்தான். 2004-ல் முடிவு வெளியானபோது "அப்போ மருந்தால் பிரயோஜனம் இல்லை" என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அதிலேயே ஒரு குறிப்பு இருந்தது: தொடக்கத்தில் இரைப்பைச் சுவர் தேயாமலும் மாறாமலும் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை, எடுக்காதவர்களில் 6 பேருக்கு வந்தது. அப்புறம் அதே ஆட்களை 26 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தார்கள். இப்போது கணக்கு 21-க்கு 35. வித்தியாசம் தெளிவாகிவிட்டது, முதலில் சுவர் நன்றாக இருந்தவர்களிடம் இன்னும் அதிகமாக. மெதுவாக வளரும் நோயில் அவசரப்பட்டு எண்ணினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

சீனாவிலேயே லின்ச்சு என்ற ஊரில் 1995-ல் இரண்டே வாரம் மருந்து கொடுத்தார்கள். 22 ஆண்டுக்குப் பிறகும் அந்தக் குழுவில் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது, இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களும் குறைவு. இரண்டு வார மாத்திரைக்கு இரண்டு பத்தாண்டுப் பலன். மருத்துவத்தில் இப்படிப்பட்ட பேரம் அபூர்வம்.

உங்கள் நிலைக்கு நேராகப் பொருந்துவது கொரிய ஆய்வு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்த, 40 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் அதில் சேர்த்தார்கள். கணக்கில் எடுத்தது 1,676 பேர். 2020-ல் முடிவு வந்தது, சுமார் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பிறகு. மருந்து எடுத்தவர்களில் 10 பேருக்கு, அதாவது 1.2 சதவீதத்தினருக்கு, புற்றுநோய். போலி மாத்திரை எடுத்தவர்களில் 23 பேர், 2.7 சதவீதம். பாதிக்கும் கீழே. மருந்து எடுத்தும் புற்றுநோய் வந்த அந்த 10 பேரில் 5 பேருக்குக் கிருமி போகவே இல்லை என்பதையும் கவனியுங்கள். இதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

"சுவர் ஏற்கெனவே மாறிவிட்டது, இனி மருந்து எடுத்து என்ன?" என்று சிலர் சொல்வார்கள். ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப வழியில்லை என்ற கருத்து மருத்துவர்களிடமே பல காலம் இருந்தது. இப்போது அது தளர்ந்துவிட்டது. கொரியாவிலேயே, ஆரம்ப நிலைப் புற்றுநோயை எண்டோஸ்கோபி வழியாக வெட்டி எடுத்தவர்களுக்குக் கிருமி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயே வந்துவிட்ட இரைப்பை அது, இதைவிடத் தாமதம் இருக்க முடியாது. ஆனாலும் அங்கேயே இரண்டாவது புற்றுநோய் வருவது 13.4 சதவீதத்திலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சுரப்பித் தேய்வுகூட ஓரளவு சரியானது. சீக்கிரம் எடுப்பது நல்லது. தாமதமாகிவிட்டது என்பதற்காக எடுக்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

சரி, இப்போது அந்தக் கிருமி போகாத 5 பேர். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் பதிவுகளில் 3,71,813 பேரின் விவரத்தைப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. மருந்துச் சீட்டு கொடுக்கப்பட்டது என்ற அளவில் மட்டும் பார்த்தால் புற்றுநோய் குறையவே இல்லை. மருந்துக்குப் பிறகு பரிசோதனை செய்து கிருமி போனது உறுதியானவர்களிடம் ஆபத்து நான்கில் ஒரு பங்காக இருந்தது. திரும்ப வந்து பரிசோதனை செய்கிறவர்கள் பொதுவாகவே உடம்பைக் கவனிக்கிறவர்களாக இருப்பார்கள், அதனால் "நான்கில் ஒன்று" என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சொல்கிற விஷயம் சரியானது. மாத்திரை முடித்த பலர் உப்புசம் குறைந்ததும் திரும்பப் போவதில்லை. தொந்தரவு குறைவதற்கும் கிருமி போனதற்கும் சம்பந்தம் குறைவு. கூடவே கொடுக்கிற அமிலக் குறைப்பு மாத்திரை மட்டுமே தொந்தரவைக் குறைத்துவிடும்.

எனவே மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) பரிசோதனை செய்ய வேண்டும். மூச்சுப் பரிசோதனை அந்த யூரியேஸ் நொதியை வைத்துத்தான் வேலை செய்கிறது: அடையாளமிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள், கிருமி இருந்தால் அதை உடைத்து, வெளிவிடும் மூச்சில் அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு வரும். இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், கிருமி போன பிறகும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை மருந்து எடுத்தவர்களும் உண்டு. இன்னொரு பொறி, ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் மாதிரி மாத்திரைகள். இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனை செய்தால் கிருமி ஒடுங்கிக் கிடந்து, இல்லை என்று தவறாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். வேறு எந்தக் காரணத்துக்காக ஆன்டிபயாடிக் எடுத்தாலும், பிஸ்மத் என்ற வயிற்று மருந்து எடுத்தாலும் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். அந்த இரண்டு வாரம் எரிச்சல் தாங்கவில்லை என்றால் சாதாரண அமில முறிவு மருந்து குடிக்கலாம்.

மருந்தைப் பற்றி. ஒரே ஆன்டிபயாடிக்கில் இது சாகாது, சளிக்கு அடியில் இருக்கிறது, அமிலம் மருந்தைக் கெடுக்கிறது. அதனால்தான் இரண்டு ஆன்டிபயாடிக்கும் வலுவான அமிலக் குறைப்பு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பல காலமாகக் கிளாரித்ரோமைசினும் அமாக்சிசிலினும் சேர்ந்த மூன்று மருந்துத் திட்டம்தான் வழக்கம். கிளாரித்ரோமைசின் குடும்பத்து மருந்துகளைச் சளி இருமலுக்கெல்லாம் எழுதி எழுதி, இப்போது பல இடங்களில் கிருமி அதற்கு மசிவதில்லை. எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரியாத நிலையில் அந்தத் திட்டத்தைத் தொடங்குவதை இன்றைய வழிகாட்டுதல்கள் ஊக்குவிப்பதில்லை. 2024-ல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் முதலில் பரிந்துரைப்பது நான்கு மருந்துத் திட்டத்தை: அமிலக் குறைப்பு மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், 14 நாள். வோனோபிரசான் என்ற புதிய அமிலக் குறைப்பு மருந்து, ஜப்பானில் தொடங்கிப் பல நாடுகளுக்கு வந்திருக்கிறது. அமிலத்தை இன்னும் அழுத்தமாகக் கட்டுப்படுத்துவதால் அதையும் இந்தத் திட்டங்களில் சேர்க்கிறார்கள். உங்களுக்கு எது என்பது மருத்துவர் முடிவு. முன்பு என்னென்ன ஆன்டிபயாடிக் எடுத்திருக்கிறீர்கள், பெனிசிலின் ஒவ்வாமை உண்டா, இதயத்துடிப்பு மருந்தோ கொழுப்பு மாத்திரையோ சாப்பிடுகிறீர்களா என்பதை அவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் சிம்வாஸ்டாட்டினோடு சேரக் கூடாது.

ஒன்றை உண்மையாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பதினான்கு நாள் சுகமாக இருக்காது. வாயில் உலோகக் கசப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு வரும். பிஸ்மத் எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், அது இரத்தம் இல்லை, பதற வேண்டாம். டெட்ராசைக்ளினைப் பாலோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்து எடுத்தால் உடம்பில் ஏறாது. மெட்ரோனிடசோல் நாட்களில் மது கூடாது. ஐந்தாம் நாள் குமட்டுகிறது என்று நிறுத்தினால் வலுவான கிருமிகள் மிஞ்சும், அடுத்த முறை அதே மருந்து எடுபடாமல் போகும். தாங்க முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். முதல் முறை தோற்றால் உலகம் முடிந்துவிடாது; இரண்டாவது, மூன்றாவது திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் முதலில் எடுத்த கிளாரித்ரோமைசினையோ லெவோஃப்ளாக்சசினையோ மறுபடி எடுக்கக் கூடாது என்பது விதி. அமாக்சிசிலினுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் எதிர்ப்பு அரிது, அவற்றைத் திரும்பவும் பயன்படுத்தலாம். அதனால் பழைய மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வளர்ந்தவர்களுக்குக் கிருமி உண்மையாகவே ஒழிந்த பிறகு மீண்டும் தொற்றுவது குறைவு. "திரும்ப வந்துவிட்டது" என்று சொல்லப்படுவதில் பல, முதல் முறையே போகாமல் இருந்தவை.

கிருமி போனது உறுதியாகிவிட்டது. அதோடு முடிந்ததா? உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டின் மற்ற வரிகளைப் பொறுத்தது. கரையானை ஒழித்துவிட்டாலும் அது அரித்த உத்தரத்தை அவ்வப்போது தட்டிப் பார்த்துக்கொள்கிறோம் இல்லையா, அதே கதைதான். ரிப்போர்ட்டில் வெறும் நாள்பட்ட அழற்சி மட்டும் இருந்தால், கிருமி போன பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தொடர் எண்டோஸ்கோபி தேவையில்லை. சுரப்பித் தேய்வோ மெட்டாபிளேசியாவோ இரைப்பையின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி இரண்டிலும் பரவியிருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். தேய்வு முற்றிய நிலையில் இருந்து, குடும்பத்தில் புற்றுநோயும் இருந்தால் ஒன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஓரிடத்தில் மட்டும் மெட்டாபிளேசியா இருந்து, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் பார்க்க வேண்டியதில்லை. குடும்பத்தில் இருந்தால் பார்ப்பதை யோசிக்கலாம். டிஸ்பிளேசியா என்று எழுதியிருந்தால் அது வேறு கதை, தாமதிக்காமல் அனுபவமுள்ள எண்டோஸ்கோபி மருத்துவரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் முடிவு செய்ய, பயாப்சி சரியான இடங்களில் எடுத்திருக்க வேண்டும். கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் தனித்தனியாக எடுத்து, தனித்தனிக் குப்பியில் அனுப்பியிருந்தால்தான் எங்கே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியும். கிருமி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரே ஒரு துணுக்கு எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை வைத்து "மாற்றம் எதுவும் இல்லை" என்று நிம்மதி அடைய முடியாது. உங்களுடையது எப்படி எடுக்கப்பட்டது என்று மருத்துவரிடம் கேளுங்கள். குடும்பத்தில் புற்றுநோய் இருப்பதால் கேட்பதில் தப்பே இல்லை.

மருந்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் பார்த்துவிடலாம். கிருமியை ஒழித்தால் அமிலம் கூடி நெஞ்செரிச்சல் வரும், அதனால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் கூடும் என்று ஒரு கவலை நெடுநாளாக இருந்தது. கிருமி உள்ளவர்களிடம் அந்த வகைப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டதும் உண்மை. ஆனால் ஐந்து நோர்டிக் நாடுகளில், மருந்து எடுத்த 6.6 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2024-ல் வெளியிட்டார்கள். மருந்துக்குப் பிறகு உணவுக்குழாய்ப் புற்றுநோய் கூடவில்லை. குடல் பாக்டீரியாக்களின் சமநிலை சில வாரம் கலைவது உண்மை, பெரும்பாலும் அது மீண்டுவிடும்.

எல்லாருக்கும் பரிசோதித்து எல்லாருக்கும் மருந்து கொடுக்கலாமா என்பது இன்னொரு பெரிய விவாதம். தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் அப்படிச் செய்தார்கள், புற்றுநோய் 53 சதவீதம் குறைந்தது. ஜப்பான் 2013-ல் வெறும் இரைப்பை அழற்சிக்கே காப்பீட்டில் இந்த மருந்தைச் சேர்த்தது. லின்ச்சுவில் 1,80,284 பேரை வைத்து நடந்த மிகப் பெரிய ஆய்வில், கிட்டத்தட்ட 12 ஆண்டில் புற்றுநோய் 14 சதவீதம்தான் குறைந்தது. சாங்லே கதையைப் பார்த்த பிறகு 12 ஆண்டை நான் இறுதிக் கணக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். இருந்தாலும், புற்றுநோய் குறைவாக உள்ள நாடுகளில் கோடிக்கணக்கானவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து எதிர்ப்பை வளர்ப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. அது அரசாங்கங்களின் கவலை. உங்கள் கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட் இருக்கிறது, அப்பாவின் வரலாறு இருக்கிறது. உங்களுக்கு அந்த விவாதம் பொருந்தாது.

புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள், உப்பில் ஊறியவற்றையும் புகையில் வாட்டியவற்றையும் குறையுங்கள். இவை கிருமியோடு சேர்ந்து ஆபத்தைக் கூட்டுபவை. உணவால் கிருமியை ஒழிக்க முடியுமா என்றால், முடியாது. தேன், பூண்டு, மஞ்சள் என்று வருகிற ஆலோசனைகளை நம்பி மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். புரோபயாட்டிக் சிலருக்கு வயிற்றுப்போக்கைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஆரம்ப நிலை இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அதனால் தொந்தரவு இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதே நேரம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது சிக்குவது, திரும்பத் திரும்ப வாந்தி, இரத்தசோகை, பிஸ்மத் எடுக்காதபோதும் கறுப்பு மலம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, இந்த ரிப்போர்ட் உங்களோடு நிற்கிற விஷயம் இல்லை. உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் அதே அப்பா, அதே வீடு, அநேகமாக அதே கிருமி. அவர்கள் எல்லாரும் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்வது நல்லது. பாசிட்டிவ் என்றால் அவர்களுக்கும் இதே சிகிச்சை. உங்கள் மனைவி அல்லது கணவரும், வளர்ந்த பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகளுக்கு அறிகுறி இல்லாதபோது பரிசோதிக்க அவசரப்பட வேண்டாம். குழந்தைகளிடம் புற்றுநோய் ஆபத்து உடனடியானது இல்லை, மருந்துத் தேர்வும் குறைவு. வளர்ந்த பிறகு ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.